நாடித் துடிப்பும் கைக்கடிகாரமும்

நெடுந்தூர ஓட்டத்தில் பயிற்சி பெறும் மாணவியர் பலர் இன்று தம் பெற்றோரிடம் கேட்கும் பொருள்களுள் ஒன்று, நாடித் துடிப்பையும் ஓடிய தூரத்தையும் காட்டும் கைக்கடிகாரம் ஆகும். கடைக்குச் சென்றால் வகை வகையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தானே சிறந்தது என்று விளம்பரம் செய்கிறது. விலையோ பல வீடுகளில் ஒரு மாதச் செலவை எட்டிப் பிடிக்கிறது. இக்கருவி நமக்கு வேண்டுமா? வேண்டுமானால் எவ்வகைக் கருவி ஏற்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். முதலில் நம் உடலைப் பற்றியும், பின்னர் கருவி வேலை செய்யும் முறையைப் பற்றியும் அறிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

பெண்ணின் இதயம் தாங்குமா?

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஜெர்மனி நாட்டு லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி வென்றார். ஓட்டம் முடிந்ததும் களைத்து அமர்ந்த பெண்களைக் கண்டு, அவர்கள் மயங்கி விழுந்ததாகச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. பெண்ணின் உடல் இத்தனை தூரத்தைத் தாங்காது என்று பெரியோர் பலர் முடிவு கட்டினர். அதன்பின் 1960ஆம் ஆண்டு வரை, 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடத்தப்படவில்லை.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக் மாரத்தான் ஓடினர். 42.195 கிலோமீட்டர் தூரத்தை 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் கடந்து அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் வாகை சூடினார். 2024இல் பாரிஸ் நகரில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் அதே தூரத்தை 2 மணி 22 நிமிடம் 55 வினாடியில் ஓடினார்.

ஒருவரது இதயத்தை அளந்து பாராமலே அதன் ஆற்றலைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எவ்வளவு தவறு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அளவுக்கருவியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஆயினும், அளந்த எண்ணைத் தவறாகப் படித்தாலும் தீர்ப்புத் தவறிவிடும் என்பதை நாம் மறக்கலாகாது.

விரலே முதற்கருவி

நாடி பார்ப்பதற்கு நம்மிடம் இயற்கையாகவே ஒரு கருவி உண்டு. அது நம் விரல். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கமாக மெல்ல வைத்தால் துடிப்பை உணரலாம். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கும் சொந்தத் துடிப்பு உண்டாதலால் எண்ணிக்கை குழம்பும்.

துடிப்பை எண்ணுவதற்கென்றே கடிகாரம் செய்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் ஃபுளோயர். அக்காலச் சட்டைப்பைக் கடிகாரங்களில் வினாடி முள் அரிதாகவே இருந்தது. ஆகவே சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைப் பற்றி 1707இல் ஒரு நூலும் வெளியிட்டார். இன்று நம் கையிலுள்ள சாதாரணக் கடிகாரமே அவ்வேலையைச் செய்யும்.

காலையில் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன், ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வைப்போம். இதை ஓய்வுத் துடிப்பு எனலாம். பொதுவாக இது 60க்கும் 100க்கும் இடையில் இருக்கும். நெடுநாள் பயிற்சி பெற்றவர்களுக்கு 60க்கும் கீழே இறங்குவது உண்டு. இதயம் வலுவடைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை வெளியே தள்ளுவதே இதற்குக் காரணம்.

ஓடி முடித்தவுடன் எண்ணும்போது முழு நிமிடம் காத்திருக்கலாகாது. நின்ற கணத்திலிருந்தே துடிப்பு விரைந்து குறையத் தொடங்கும். ஆகவே 15 வினாடி எண்ணி 4ஆல் பெருக்குதல் நலம். 42 துடிப்பு எண்ணினால் நிமிடத்துக்கு 168 ஆகும். இவ்வாறு பழகிய மாணவிக்குப் பின்னாளில் எந்தக் கருவி பொய் சொன்னாலும் எளிதில் தெரிந்துவிடும்.

மார்புப் பட்டை, மணிக்கட்டு, மேற்கை

ஓடிக்கொண்டே விரலால் எண்ணுவது கடினம். அந்த இடத்தில்தான் கருவி உதவுகிறது. துடிப்பை அளக்கும் கருவிகள் இருவகைப்படும்: ஒன்று மின்சாரத்தால் அறிவது, மற்றொன்று ஒளியால் அறிவது.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மிக நுண்ணிய மின் அலை ஒன்று தோன்றுகிறது. அதைத் துல்லியமாக வரைந்து காட்டும் கருவியை நெதர்லாந்தின் வில்லம் ஐந்தோவன் அமைத்தார். அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். அவரது முதற்கருவி சுமார் 270 கிலோ எடை கொண்டது. அதே தத்துவம் இன்று ஒரு மார்புப் பட்டைக்குள் அடங்கிவிட்டது. பின்லாந்து நாட்டில் 1977இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், மார்புப் பட்டையிலிருந்து கம்பியின்றியே கைக்கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982இல் வெளியிட்டது. பனியில் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் வீரர்களின் பயிற்சிக்காக எழுந்த எண்ணமே இதன் தொடக்கம்.

மார்புப் பட்டையின் உட்புறத்தை நீரால் ஈரப்படுத்தி, உடலோடு ஒட்டுமாறு அணிய வேண்டும். வேகம் அடிக்கடி மாறும் பயிற்சியிலும் இது பெரும்பாலும் சரியாகக் காட்டும். ஓடியபின் வியர்வை உப்புப் போக அலசி உலர்த்த வேண்டும். இல்லையேல் பட்டை விரைவில் கெடும்.

மணிக்கட்டுக் கடிகாரம் ஒளியால் அறிவது. அதன் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைக் கண்டிருப்போம். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. இதயம் துடிக்கும்போது தோலுக்கடியில் இரத்தம் மிகும். திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த கணம் இரத்தம் குறையும், ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் எண்ணுகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. கை வீசி ஓடும்போது கடிகாரம் தோலின் மேல் அசைந்தால், அந்த அசைவையே துடிப்பென்று அது எண்ணிவிடலாம். மெதுவாக ஓடும் மாணவிக்குத் திடீரென 175 எனக் காட்டினால், அது அவள் நிமிடத்துக்கு எடுத்து வைக்கும் காலடிகளின் எண்ணிக்கையாக இருக்கக் கூடும். அப்போது நின்று விரலால் எண்ணிப் பார்ப்பதே தெளிவு தரும். வளையல்களைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டு எலும்புக்கு இரு விரற்கடை மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் பிழை பெரிதும் குறையும்.

மார்புப் பட்டை அணியக் கூச்சமோ உறுத்தலோ உள்ள பெண்கள் ஏராளம். அவர்களுக்கு முழங்கைக்கு மேலே அணியும் ஒளிப்பட்டை ஏற்றது. மேற்கை, மணிக்கட்டைப் போல் அவ்வளவு அசைவதில்லை. சதைப்பற்றும் அங்கே மிகுதி. எவ்வளவு நுட்பமான கருவியானாலும், மாணவி விரும்பி அணியாவிட்டால் அது பெட்டிக்குள்தான் கிடக்கும்.

வானிலிருந்து வரும் அளவு

ஓடிய தூரத்தைக் கடிகாரம் எப்படி அறிகிறது? ஜி.பி.எஸ். என்னும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. முதற்கோள் 1978இல் ஏவப்பட்டது. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை வானொலி அலையாக அனுப்புகிறது. ஒளியின் வேகத்தில் வரும் அந்த அலை நம்மை அடைய வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தைக் கொண்டு கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கடிகாரம் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், தூரத்தில் 300 மீட்டர் பிழை ஏற்படும். எத்தகைய நுட்பம் பாருங்கள்!

அமெரிக்க இராணுவத்துக்காக எழுந்த இவ்வமைப்பின் அளவு, பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத் தரப்பட்டு வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. 2003இல் கார்மின் நிறுவனம் ஓட்டக்காரருக்கான ஜி.பி.எஸ். கைக்கருவிகளை விற்கத் தொடங்கியது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய அமைப்புகளும் உண்டு. இந்தியாவின் நாவிக் அமைப்புக்கான முதற்கோள் 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

திறந்த வெளியில் இவ்வளவு சில மீட்டர் பிழைக்குள் இருக்கும். அடர்ந்த மரநிழலிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அலைகள் மறைபட்டும் எதிரொலித்தும் வருவதால் பிழை மிகும். வளைவுகள் நிறைந்த மைதானத்தில் ஓடினாலும் தூரம் சற்றுக் கூடவோ குறையவோ காட்டும். மைதானத்திலேயே பயிற்சி செய்யும் மாணவிக்கு இக்கருவி அவ்வளவு தேவையில்லை. 400 மீட்டர் ஓடுபாதையின் முதல் தடத்தில் நான்கு சுற்று ஓடினால் 1,600 மீட்டர். இதைவிடத் துல்லியமான அளவை எந்தக் கடிகாரமும் தராது. பள்ளி மைதானம் சிறியதானால் அளவு நாடாவால் ஒருமுறை சுற்றளவை அளந்து கொள்ளலாம். சாலையிலும் கடற்கரையிலும் பல கிலோமீட்டர் ஓடுவோருக்கே ஜி.பி.எஸ். உண்மையில் பயன்படும்.

எண்ணுக்குப் பொருள் காணல்

கருவி தரும் எண்ணை என்ன செய்வது? பெரும்பாலான கடிகாரங்கள் 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதே ஒருவரின் உச்சத் துடிப்பு எனக் கொள்கின்றன. 1970களின் தொடக்கத்தில் பரவிய இந்தக் கணக்கு, பெருங்கூட்டத்தின் சராசரிக்கு ஓரளவு பொருந்தும். தனி ஒருவருக்கு 10, 12 துடிப்பு தவறக் கூடும். 2010இல் சிகாகோவில் மார்த்தா குலாத்தியும் குழுவினரும் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, அவர்களுக்கு வேறொரு கணக்கு ஏற்றதெனக் கண்டனர்: 206இலிருந்து வயதின் 0.88 பங்கைக் கழிக்க வேண்டும். நம் அன்னையர் இதைப் பயன்படுத்தலாம். வளரும் பருவத்தாருக்கோ உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து வருவதில்லை. பெரும்பாலும் 200ஐ ஒட்டியே நிற்கிறது.

15 வயதுத் தோழியர் இருவரை எடுத்துக்கொள்வோம். கடிகாரக் கணக்கில் இருவருக்கும் உச்சம் 205. ஒருத்தியின் உண்மை உச்சம் 192, மற்றவளது 212 எனக் கொள்வோம். "164இல் ஓடு" என்று கடிகாரம் இருவருக்கும் கட்டளையிட்டால், முதலாமவள் தன் உச்சத்தில் நூற்றுக்கு 85 பங்கில் திணறுவாள். இரண்டாமவள் 77 பங்கில் எளிதாக ஓடுவாள். கட்டளை ஒன்று, உழைப்பு இரண்டு.

ஆதலின் ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைப் பின்லாந்தின் கார்வோனன் 1957இல் காட்டினார். உச்சம் 200, ஓய்வு 68 என்றால் இடைவெளி 132. அதில் நூற்றுக்கு 60 பங்கு 79. அதனுடன் 68ஐக் கூட்டினால் 147. நூற்றுக்கு 70 பங்கானால் 160. மிதமான ஓட்டத்தின் எல்லை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம்.

கணக்கு வேண்டாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் அது எளிய ஓட்டம். ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் கடினமான ஓட்டம். உலகின் சிறந்த நெடுந்தூர வீரர்கள் தம் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எளிய வேகத்திலேயே செய்கின்றனர். நம் மாணவியரோ நாள்தோறும் பந்தயம் போல் ஓடிக் களைத்துப் போகிறார்கள். "மெதுவாக ஓடு" என்று நினைவூட்டுவதே இக்கடிகாரத்தால் விளையும் பெரும்பயன்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே வேகத்தில் ஓடினாலும், வெப்பத்தில் நேரம் செல்லச் செல்லத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வியர்வையால் நீர் குறைவதும், உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிச் செல்வதும் இதற்குக் காரணங்கள். மார்கழி மாத எண்ணைச் சித்திரை மாத எண்ணோடு ஒப்பிட்டு, "என் திறமை குறைந்துவிட்டதே" என்று வருந்துவது பொருந்தாது.

எண் சொல்லாதவை

கடிகாரம் துடிப்பைச் சொல்லும். துடிப்பின் காரணத்தைச் சொல்லாது. காலைத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு எண்ணிக்கை மிகுந்து, சில நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால், உடல் ஏதோ கூற முயல்கிறது என்று கொள்ள வேண்டும். உறக்கக் குறைவோ, காய்ச்சலின் தொடக்கமோ, மிகைப் பயிற்சியோ காரணமாகலாம். இரத்தச் சோகையும் காரணமாகலாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை உள்ளது. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் பொருள் குறைந்தால், அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது. அத்தகைய மாணவியைப் பார்த்து, "நீ சோம்பேறி, இன்னும் ஓடு" என்று கூறுவது கொடுமை. அவளுக்கு முதலில் தேவைப்படுவது இரத்தப் பரிசோதனை. கடிகாரத்தைவிட அதற்குச் செலவும் மிகக் குறைவு.

செலவான கலோரி என்று கடிகாரம் காட்டும் எண்ணை நம்பவே கூடாது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தனர். துடிப்பை ஆறு கருவிகள் நூற்றுக்கு 5க்கும் குறைந்த பிழையோடு காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே நூற்றுக்கு 27 பங்கு தவறியது. மிக மோசமானது 93 பங்கு தவறியது. இந்த எண்ணைப் பார்த்து உணவைக் குறைக்கும் பெண், தன் எலும்பையும் வளர்ச்சியையும் இழப்பாள். உழைப்புக்கேற்ற உணவின்றிப் பயிற்சி செய்தால் மாதவிலக்கு ஒழுங்கு தவறும். எலும்பில் விரிசல் ஏற்படும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இதனைத் தனி உடல்நலக் கேடாகவே குறிப்பிட்டு எச்சரித்தது. மாதவிலக்கு நின்றுபோனால் அதை மறைக்காமல் தாயிடமோ ஆசிரியையிடமோ உடனே கூற வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், எண் எதுவாயினும் நின்றுவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

நம் தடம் நமக்கே

ஜி.பி.எஸ். கடிகாரம் நாம் ஓடிய வழியைப் படமாக வரைந்து வைக்கிறது. அப்படத்தை ஊரறிய வெளியிடும் வழக்கமும் பரவியுள்ளது. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் வெளியிட்டிருந்த உலக ஓட்டப்படத்திலிருந்து பல நாட்டு இராணுவ முகாம்களின் அமைப்பே வெளிப்பட்டுவிட்டது கண்டறியப்பட்டது. வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய தடங்களே அதற்குக் காரணம். இராணுவத்துக்கே இந்நிலை என்றால், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டிலிருந்து புறப்படும் ஒரு சிறுமியின் தடம் எத்தனை பேர் கண்ணில் படும்! கருவியைப் பயன்படுத்தும் முன்னரே, தடம் பிறருக்குத் தெரியாதபடி பெற்றோர் பூட்டி வைத்தல் கட்டாயம்.

தேர்ந்தெடுக்கும் முறை

இதுவரை கற்றவற்றைக் கொண்டு முடிவுக்கு வருவோம்.

1. இப்போதுதான் ஓடத் தொடங்கிய மாணவிக்கு வினாடி காட்டும் சாதாரணக் கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். மூன்று மாதம் விடாமல் குறிப்பு எழுதியவள், அடுத்த படிக்குத் தகுதி பெறுகிறாள்.

2. மைதானத்தில் முறையாகப் பயிற்சி பெறுபவளுக்கு மார்புப் பட்டையோ மேற்கைப் பட்டையோ நலம். வீட்டிலுள்ள கைப்பேசியோடு இணையும் வகையை வாங்கினால் தனிக் கடிகாரம் தேவையில்லை. ஒரு குழுவில் பலர் இருந்தால், கழற்றித் துவைக்கக்கூடிய பட்டைகளை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, கருவியை முறை வைத்துப் பகிரலாம்.

3. வாரத்தில் பல நாள் சாலையில் நெடுந்தூரம் ஓடுபவளுக்கு ஜி.பி.எஸ். கடிகாரம் பயன் தரும். எளிய வகையே போதும். வெயிலில் எண் தெளிவாகத் தெரிகிறதா, ஓடும் நேரத்துக்கு மேல் பேட்டரி தாங்குமா, மெல்லிய மணிக்கட்டில் பொருந்துகிறதா, மார்புப் பட்டையோடு இணையுமா, பட்டையும் பேட்டரியும் நம் ஊரில் கிடைக்குமா என்ற ஐந்தையும் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

4. இசை, செய்தி, வண்ணப்படம், உறக்க மதிப்பெண் ஆகியவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

செய்து பார்க்க

அ. ஏழு நாள் உங்கள் ஓய்வுத் துடிப்பைக் குறித்துச் சராசரி காண்க.

ஆ. ஓடி முடித்தவுடன் ஒருமுறையும், ஒரு நிமிடம் கழித்து ஒருமுறையும் நாடியை எண்ணுக. வேறுபாடு மாதந்தோறும் எவ்வாறு வளர்கிறது எனக் காண்க.

இ. தோழியிடம் கடிகாரம் இருந்தால், அது காட்டும் எண்ணை உங்கள் விரல் எண்ணிக்கையோடு ஒப்பிடுக. எப்போது மாறுபடுகிறது? ஏன்?

ஈ. உங்கள் தாயாரின் நாடியையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லோருடைய நலத்தையும் கவனிக்கும் அவருடைய நாடியை எண்ணிப் பார்ப்பவர் எவருமில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகள் கடிகாரம் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம். அவளது குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் மூன்று மாத எண்கள் ஒழுங்காக இருந்தால், அவள் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாள் என்று பொருள். நல்ல காலணியும், வேளைக்கு உணவும், எட்டு மணி நேர உறக்கமும் முதலில் அமையட்டும். கடிகாரம் அதன்பின் வரட்டும். அப்போது அதில் தோன்றும் ஒவ்வோர் எண்ணையும் அவள் அச்சமின்றிப் படிப்பாள்.